காளிகேசம் பாறையில் ஒரு கோலம்

மனிதனுக்கு இருக்க வீடு இருந்தால் போதாது, அந்த வீடு ஓடவும் வேண்டும் என்று வடசேரியில் முதன்முதலாகக் கண்டுபிடித்தவர் பஸ் முதலாளி பொன்னுலிங்கம். ஏதோ ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில், ஒரு துரையும் துரைசானியும் மோட்டார் வண்டிக்குள் கட்டில் போட்டுப் படுத்துக் காடு காடாகச் சுற்றுகிற படத்தைப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு வீட்டில் படுத்தால் உறக்கம் வரவில்லை. ஆரல்வாய்மொழிக்கு ஓடி ஓய்ந்துபோன பழைய பஸ் ஒன்றின் இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு இரண்டு கட்டில், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, தண்ணீர்ப் பீப்பாய், ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை எல்லாம் வைத்தார். கொல்லம் 1109 மார்கழி இரண்டாம் தேதி, மனைவி தாணம்மாளை ஏற்றிக்கொண்டு மலைக்குப் புறப்பட்டார். குளிருக்கு நடுவே வனவாசம், மலையேற்றம், ஆற்றுக் குளியல், எட்டு நாள். வனவாசம் போன ராமர் இவ்வளவு தட்டுமுட்டுச் சாமான் கொண்டுபோகவில்லை என்று கோட்டாறு கம்போளத்தில், சந்தைக் கடையொன்றில் மூட்டை தூக்கும் ததேயுஸ் சொன்னான். அவன் சொல்லி ஊர் சிரித்த கடைசி வேடிக்கை அதுதான்.

ஏனென்றால் ஆறாம் தேதி விடியலில் பொன்னுலிங்கத்தின் பெரியப்பா நல்லபெருமாள் கட்டிலில் செத்துக் கிடந்தார். முகத்தின்மேல் தலையணை கிடந்தது. பிள்ளை குட்டி இல்லாத மனிதர். பன்னிரண்டு வருஷமாக அவருக்குக் கஞ்சி வைத்துக் கால் பிடித்துவிட்டு வந்தவள் வேளாங்கண்ணி என்ற விதவை. தன் காலத்துக்குப் பிறகு வீடு அவளுக்கே என்று அடுத்த வாரம் பத்திரம் எழுதிவைக்கப் பெரியவர் ஏற்பாடு செய்திருந்தார். இன்ஸ்பெக்டர் வந்தார், பார்த்தார், வேளாங்கண்ணியைப் பிடித்து லாக்கப்பில் போட்டார். வீடு கைக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்னால் எவளாவது அவசரப்பட்டுக் கொல்வாளா என்ற கேள்வி அவருக்குத் தோன்றவில்லை. அந்த நேரத்தில் தான் மாதா கோயிலில் காலைப் பூசையில் இருந்ததாக அவள் அழுதாள். கொன்றுவிட்டுத்தான் பாவமன்னிப்புக்குப் போயிருப்பாய் என்றார் அவர். இப்படிப்பட்ட மூளை சம்பளத்துக்குக் கிடைப்பது அபூர்வம்.

கிறிஸ்துமஸையும் அவள் லாக்கப்பிலேயே கழித்தாள். பதினான்காம் தேதி காலையில் அவளைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக ஏற்பாடாகிவிட்டது. அங்கிருந்து தூக்குமரம் ரொம்ப தூரமில்லை.

பதின்மூன்றாம் தேதி காலையில் கருப்பட்டி மொத்த வியாபாரி மைதீன் கனி கடையைச் சாத்தினார். கலப்படக் கருப்பட்டியை மூக்காலேயே கண்டுபிடிக்கிறவர் என்று பெயரெடுத்து, பிறகு ஆட்களிலும் கலப்படத்தைக் கண்டுபிடிக்க ஆரம்பித்து, இப்போது கோட்டாற்றில் நகை காணாமல்போனால் போலீசுக்கு முன்னால் அவரிடம்தான் ஆள் வருகிறது. வேளாங்கண்ணிக்காக யாரும் வந்து கேட்கவில்லை. ஆனால் பெரியவரின் சுக்குக்காப்பிக்குப் பன்னிரண்டு வருஷமாக அவர் கடையில் கருப்பட்டி வாங்கியவள் அவள், ஒரு நாளும் பேரம் பேசியதில்லை. அப்படிப்பட்ட ஆளைத் தூக்குக்கு அனுப்ப எந்த வியாபாரிக்கும் மனசு வராது.

“பெரியவர் செத்தா லாபம் பொன்னுலிங்கத்துக்கு. அந்த ஆளு காட்டில கெடந்தான்னு எல்லாரும் சொல்லுதாவ. காட்டுகிட்டயே கேட்டுருவோம், வாலே” என்றார் ததேயுஸிடம்.

கடையில் மூட்டை தூக்குவதும், முதலாளி துப்புத் துலக்கும்போது கூட நின்று வாயாடுவதும் ததேயுஸின் இரண்டு வேலைகள். முதலாவதற்குத்தான் கூலி. தடிக்காரன்கோணம் வரை பஸ், கீரிப்பாறை வரை எஸ்டேட் லாரி, அதற்கப்புறம் காளிகேசத்துக்கு நடை. பனி இன்னும் மரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ததேயுஸின் மடியில் அவன் அம்மா கிறிஸ்துமஸுக்குச் செய்த முந்திரிக்கொத்து ஒரு பொட்டலம் இருந்தது. முதலாளிக்கு நோன்பு. ஏழாவது மேட்டில் ததேயுஸுக்கு மூச்சு முட்டியது. மைதீன் கனி மேல்துண்டால் முகத்தைத் துடைத்தபடி முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

பிரயாணம் போகிறவர்களுக்கு நோன்பை விட்டுப் பிறகு பிடிக்கச் சலுகை உண்டாமே என்று ததேயுஸ் நினைவூட்டினான்.

“கீரிப்பாறை போறதும் ஒரு பிரயாணமாலே? நீ தின்னு. எனக்க முகத்தப் பாத்துத் தின்னாத, அவ்வளவுதான்.”

அவன் ஒரு மரத்தின் பின்னால் நின்று இரண்டு தின்றான். மிச்சத்தைப் பொட்டலத்தோடு திரும்ப மடியில் கட்டிக்கொண்டான்.

காளிகேசத்தில் ஆறு பாறைகளுக்கு நடுவே பளிங்காக ஓடியது. ஐம்பதடி தள்ளிக் காளி கோயில். ஆற்றங்கரையில் ஒரு பரந்த பாறையை ஒட்டி ஓடும் வீட்டின் சக்கரத் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. காட்டுக் காவலர் சிலுவைமுத்து அங்கேயே வந்து சேர்ந்தார். போலீசிடம் சொன்னதையே இவர்களிடமும் சொன்னார், ஒரு எழுத்து பிசகாமல். வழியெல்லாம் நின்று நின்று நாலாம் தேதிதான் வண்டி வந்தது. ஐந்தாம் தேதி பொழுது சாய்ந்ததிலிருந்து மறுநாள் விடிகிறவரை பொன்னுலிங்கமும் அவரும் தீ மூட்டிச் சீட்டு விளையாடினார்கள். பொன்னுலிங்கம் எழுந்து பத்தடி போகவில்லை. அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவரால் பத்தடிக்குமேல் போகவும் முடியாது. மலையேற்றம் என்று வந்தவர் வண்டிப் படி ஏறுவதற்கே மூச்சு வாங்கினார்.

“அவருக்க வீட்டுக்காரி?” என்று கேட்டார் மைதீன் கனி.

“அந்த அம்மைக்கு மத்தியானமே தலைவலி. திரையப் போட்டுட்டுப் படுத்துட்டாவ. நான் விடிஞ்சதும் எனக்க காவல் ஷெட்டுக்குப் போயி மொகம் கழுவிட்டு வாறேன், வாசல்ல கோலம் கெடக்கு. தலைவலியோடயும் எழும்பிக் கோலம் போட்டுட்டுத் திரும்பப் படுத்துருக்காவ. அவருதான் காப்பி போட்டுத் தந்தாரு.”

ஆகக் கணவனுக்குச் சாட்சி சீட்டுக்கட்டு, மனைவிக்குச் சாட்சி கோலம். இன்ஸ்பெக்டருக்கு இரண்டும் போதுமானதாக இருந்தது. ததேயுஸ் வந்த வழியைத் திரும்பிப் பார்த்து, இவ்வளவும் நடந்தது இதைக் கேட்கத்தானா என்று நினைத்துக்கொண்டான்.

மைதீன் கனி அதற்குள் பாறையின்மேல் குந்திவிட்டார். அங்கே ஒரு கோலம் இருந்தது. இருந்தது என்று சொல்லலாம், கோலம் என்று சொல்லத் துணிச்சல் வேண்டும். ஒரு வரிசையில் ஏழு புள்ளி, அடுத்ததில் ஆறு, அதற்கடுத்ததில் எட்டு. புறப்பட்ட கோடு போன இடத்திலிருந்து திரும்பி வரவில்லை. நடுவில் ஒன்று பூவா, பூசணிக்காயா என்பது போட்டவருக்கே தெரிந்திருக்காது. எட்டு நாள் பனியும் இரண்டு தூறலும் விழுந்தும் அது அழியாமல் பாறையோடு பாறையாகப் பிடித்திருந்தது.

மற்றக் கோலங்கள் எங்கே என்று கேட்டார். ஐந்தாம் தேதி ஒன்று போட்டதாகவும், அது பெரிய தாமரைக் கோலம் என்றும், மிதிக்க மனசில்லாமல் தான் சுற்றிப் போனதாகவும் சிலுவைமுத்து சொன்னார். அது அன்று சாயங்காலத் தூறலிலேயே கரைந்துவிட்டது. ஆறாம் தேதி போட்டது இது. அதற்குப் பிறகு புறப்படுகிறவரை கோலமே இல்லை.

மைதீன் கனி நகத்தால் ஒரு புள்ளியைச் சுரண்டினார். மூக்கருகே கொண்டுபோனார். நாக்கு வரை போன விரல் நோன்பு நினைவு வந்து பாதியில் நின்றது. மெதுவாக ததேயுஸ் பக்கம் திரும்பியது.

“நாக்க நீட்டு.”

“மொதலாளி, அது தரையில கெடந்த சாமானம்.”

“நீட்டுலே.”

நாக்கின் நுனியில் சுரீரென்று பிடித்தது. ததேயுஸ் ஆற்றுக்கு ஓடி வாய் கொப்பளித்துவிட்டு வந்து, வெற்றிலைச் சுண்ணாம்பு என்று அறிக்கை கொடுத்தான். கருப்பட்டி வியாபாரியிடம் சுண்ணாம்பைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பதநீர்க் கலயத்தில் அதை நித்தமும் பார்க்கிறவர். தலையை மட்டும் ஆட்டினார். பின்பு கடைச் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தை நீட்டி, அந்தக் கோலத்தைப் புள்ளி பிசகாமல் வரைந்துகொள்ளச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் வட்டம் போடத் தெரியாமல் அடி வாங்கிய ததேயுஸுக்கு இது மனசுக்குப் பிடித்த வேலையாக இருந்தது. அவன் கைக்கு ஏற்ற கோலம்.

கோயில் பூசாரி அவர்களைப் பார்த்ததும் தானாகவே குறைப்பட ஆரம்பித்தார். ஐந்தாம் தேதி பொன்னுலிங்கம் வந்து, வெள்ளிக்கிழமை அம்மனுக்குப் பொங்கல் வைக்க வேண்டும் என்று அரிசியும் வெல்லமும் கொடுத்துவிட்டுப் போனாராம். வெள்ளிக்கிழமை, அதாவது ஏழாம் தேதி, ஆளைக் காணோம். இவர் போய்க் கூப்பிட்டால், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டிக்குள்ளிருந்தே பதில் வந்தது. ஊருக்குத் திரும்புகிறவரை இருவரும் கோயில் படியை மிதிக்கவில்லை. ஆனால் ஆறாம் தேதி மத்தியானம், பல் கிட்டுகிற குளிரில், இரண்டு பேரும் உடுத்த துணியோடு ஆற்றில் தலை முங்கியதைத் தன் கண்ணால் பார்த்தாராம்.

“காசு கொழுப்பு” என்று முடித்தார் பூசாரி.

திரும்பி நடக்கும்போது ததேயுஸ் தன் மூளையை வெளியே எடுத்து வீசினான். கோலம் போடவில்லை, கோயிலுக்குப் போகவில்லை என்றால், அந்த அம்மா வீட்டுக்குத் தூரமாகியிருப்பாள். இதில் என்ன துப்பு என்றான்.

“அந்த நாளெல்லாம் அவ சமைச்சுக் காவலருக்கும் போட்டிருக்கா, அவரே சொன்னாரு. சரி, அத விடு. பொன்னுலிங்கம் ஏன் கோயிலுக்குப் போகல்ல? ஆம்பிளைக்கும் வீட்டுக்குத் தூரமாலே?”

ததேயுஸ் நின்றுவிட்டான். இருவருக்கும் ஒரே நாளில் வருகிற விலக்கு ஒன்றே ஒன்றுதான். சாவுத் தீட்டு. செய்தி கேட்டதும் உடுத்த துணியோடு முங்குவார்கள், கோலம் கிடையாது, கோயில் கிடையாது. பெரியப்பா செத்தது ஆறாம் தேதி. ஊர் திரும்பிய பத்தாம் தேதிதான் தங்களுக்குத் தெரியும் என்று தெருவில் உருண்டு அழுதவர்கள் இந்த இரண்டு பேர். அந்த அழுகையை அவனும் பார்த்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டும் நின்றான். இப்போது அதை நினைத்தால் நாக்கில் பட்ட சுண்ணாம்பைவிட அதிகமாக எரிந்தது.

பெரியவரைக் கொன்றால் போலீஸ் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். தீட்டோடு காளி முன்னால் போய் நின்றால் கண் அவிந்துபோகும் என்பதில் மட்டும் அவர்களுக்குச் சந்தேகமே இருந்திருக்காது. காட்டில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று மனிதர்கள் தப்புத்தான் செய்வார்கள். இவர்கள் ஆசாரம் அனுஷ்டித்திருக்கிறார்கள்.

ஆனால் பொன்னுலிங்கம் விடிய விடியச் சீட்டு விளையாடியிருக்கிறாரே. யாரோ ஆளை ஏவிவிட்டு, அவன் வந்து சேதி சொல்லியிருக்க வேண்டும். அந்த மூன்றாவது ஆள் யார் என்று ததேயுஸ் கீரிப்பாறை வரை மண்டையை உடைத்துக்கொண்டான். மைதீன் கனி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். தாணம்மாள் பிறந்த ஊர் எது? தடிக்காரன்கோணம் என்றான் ததேயுஸ். விறகுக்கும் தேனுக்கும் காடு ஏறி இறங்கி வளர்ந்தவள், பஸ் முதலாளியைக் கட்டிய பிறகுதான் செருப்புப் போட்டவள். ஊர் வம்பு அவனுக்கு அத்துப்படி.

வடசேரிக்கு வந்தபோது வெயில் தணிந்திருந்தது. ஹெட் கான்ஸ்டபிள் யேசுதாசனை வீட்டிலிருந்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு துக்க வீட்டுக்குப் போனார்கள். வாசலில் ஓடும் வீடு நின்றது. உள்ளே பதினாறு கழியாத துக்கத்துக்கு ஏழெட்டுப் பெண்கள் தாணம்மாளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பொன்னுலிங்கம் நாற்காலியில் வெற்றிலைப் பெட்டியோடு இருந்தார். கான்ஸ்டபிளின் தொப்பியைப் பார்த்ததும் வாயிலிருந்த வெற்றிலையை மெல்ல மறந்தார்.

மைதீன் கனி துக்கம் விசாரித்தார், மெதுவாக, முறையாக. காட்டிலிருந்து வருவதாகச் சொன்னார். காவலர் சாட்சி சொல்லிவிட்டதால் இந்தக் குடும்பத்தின்மேல் ஒரு சந்தேகமும் இல்லை என்றார். ஒரு சின்னச் சடங்குதான் பாக்கி, கோர்ட்டுக்குக் காட்ட ஒரு காகிதம். ததேயுஸ் வரைந்ததை விரித்துத் தாணம்மாள் முன்னால் வைத்தார்.

“தங்கச்சி, ஆறாந்தேதி காலத்த நீங்க காளிகேசத்தில போட்ட கோலம் இதுதானே? ஆமான்னு ஒரு வார்த்த போதும். கோர்ட்டில எல்லாருக்கும் காட்டுவாங்க.”

“அவதான் போட்டா. நான் பாத்தேன்” என்றார் பொன்னுலிங்கம், கேட்பதற்கு முன்னாலேயே.

வடசேரியில் மார்கழி பிறந்தால் தாணம்மாளின் வாசலைப் பார்க்க நாலு தெருப் பெண்கள் வருவார்கள். நோட்டுப் புத்தகம் கொண்டுவந்து பிரதி எடுத்துப் போவார்கள். அவள் ஒரு புள்ளி வைத்தால் தெரு மூச்சுவிடாமல் பார்க்கும். அந்தத் தெருதான் இப்போது கழுத்தை நீட்டிக் காகிதத்தைப் பார்த்தது. ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். இன்னொருத்தி பக்கத்தில் இருந்தவளைக் கிள்ளினாள். துக்க வீட்டில் சிரிக்கக் கூடாது என்பதால் சிரிப்பு மூக்கு வழியாக வந்தது.

தாணம்மாளின் முகம் சிவந்தது. பார்வை காகிதத்தில் இருந்து பெண்கள் மேலும், பெண்கள் மேலிருந்து காகிதத்துக்கும் போய் வந்தது. பொன்னுலிங்கம் இருமினார். ததேயுஸுக்கு அப்போதுதான் பிடிபட்டது. மூன்றாவது ஆள் என்று யாருமே இல்லை. கோலப்பொடி டப்பா இருக்கிற இடம் தெரியாமல், தன் வெற்றிலைப் பெட்டியிலிருந்த சுண்ணாம்பைக் குழைத்து ஒரு ஆண்பிள்ளை புள்ளி வைத்திருக்கிறான். வண்டிக்குள் பெண்டாட்டி படுத்திருப்பதாக ஊரை நம்பவைக்கத்தான்.

“இது எனக்க கை இல்ல” என்றாள் தாணம்மாள்.

“தாணு, வாய மூடு” என்றார் பொன்னுலிங்கம்.

“எதுக்கு மூடணும்? இந்தக் கோணலையா நான் போட்டேன்? ஏழு வயசில இருந்து கோலம் போடுதேன். கோர்ட்டில காட்டுவாவளாம். எனக்க கை இல்லன்னு எழுதிக்கிடுங்க.”

“எழுதிக்கிடுதேன்” என்றார் மைதீன் கனி. “அப்பம் அண்ணைக்குக் காலத்த கோலம் போட அங்க நீங்க இல்ல. எங்க இருந்தீங்க, தங்கச்சி?”

பெண்கள் ஒவ்வொருத்தியாக அவளை விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். பதில் வந்தது பொன்னுலிங்கத்தின் வாயிலிருந்துதான். பத்திரம் எழுதுமுன் முடித்துவிட வேண்டும் என்றது அவள், குறுக்குவழி தெரியும் என்றது அவள், தான் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னதாக அழுதார். வனவாசத்துக்குப் புருஷனாகக் கூடப் போனவர் லாக்கப்புக்குச் சாட்சியாக மட்டும் போகலாம் என்று நினைத்தார் போலும். யேசுதாசன் இரண்டு பேரையும் எழுந்திருக்கச் சொன்னார்.

போலீசுக்கு வண்டி இல்லை. ஓடும் வீடுதான் வாசலில் நின்றது. அதிலேயே ஏற்றிப் போனார்கள். பூப்போட்ட திரைக்குள் அந்தத் தம்பதி ஆளுக்கொரு கட்டிலில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். ஊர் மறுபடியும் வாசலில் நின்று பார்த்தது.

லாக்கப்பில் தாணம்மாள் உள்ளே போக, வேளாங்கண்ணி வெளியே வந்தாள். ஏழு நாளில் பாதியாகியிருந்தாள். எதிரே போனவளைப் பார்த்தாள். மைதீன் கனி நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். ததேயுஸ் அந்தக் காகிதத்தைக் காட்டினான், அவளைச் சிரிக்கவைக்கலாம் என்று. அவள் சிரிக்கவில்லை. கதவை உடைக்காமல் தாணம்மாள் எப்படி உள்ளே போனாள் என்று வேளாங்கண்ணியிடமே கேட்டான் அவன்.

வேளாங்கண்ணி காகிதத்தை மடித்து அவன் கையிலேயே கொடுத்தாள்.

“எனக்குக் கோலம் போடத் தெரியாது. மார்கழி பொறந்தா அவதான் காலத்த வந்து பெரியவருக்க வாசல்ல போடுவா. இந்த வருஷம் அவ காட்டுக்குப் போயிட்டாளேன்னு பெரியவருக்கு ஒரே கொறை. அண்ணைக்கு வாசல்ல அவள பாத்ததும் கோலம் போட வந்துட்டான்னு சந்தோசப்பட்டுத்தான் கதவத் தெறந்திருப்பாரு.”

பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் பாங்கு கேட்டது. ததேயுஸ் மடியை அவிழ்த்து, நசுங்கிப்போன முந்திரிக்கொத்தில் ஒன்றை முதலாளிக்கும் ஒன்றை வேளாங்கண்ணிக்கும் கொடுத்தான்.